முன்கூட்டியே ஒரு நன்றி

அந்த அக்கா எனக்கு முதன்முதலாக நன்றி சொன்னபோது, நான் அவரை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை.

திருச்செங்கோட்டில் எங்கள் நகருக்குக் குடிவந்த முதல் வாரம் அது. பால் சொசைட்டி வாசலில் தூக்குப்போசியோடு வரிசையில் நின்றிருந்தேன். வரிசையின் முன்னாலிருந்து மெலிந்த ஓர் அம்மா என்னை நோக்கி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் மடக்கிய குடை. என்னிடம் வந்து நின்றாரே தவிர, பேசியது வரிசையிடம்.

"இவருதானுங்க புதுசா வந்திருக்கற சாரு. நம்ம குழுச் சாமானுக்கெல்லாம் ஒளுங்கா ஒரு பட்டியல் எழுதித் தர்றேன்னிருக்காரு. ஆபீஸ் போறவரு, இதெல்லாம் செய்யோணும்னு அவருக்கென்னங்க தலையெழுத்து? ரொம்ப நன்றிங்க சார்."

நான் திரும்பி எனக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. முன்னால் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். புதியவனுக்கான வரவேற்பு என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பித்தவர்களின் சிரிப்பு என்பது பிறகுதான் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குடையை விரித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருந்தார். அன்று மாலை நான் ஒரு ஷெட்டுக்குள் குந்த வைத்து உட்கார்ந்து கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எண்ணுவது எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம். எதையும் வரிசைப்படுத்தி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சாமான் இறக்கும்போது அட்டைப் பெட்டிகளின் மேலெல்லாம் உள்ளே இருப்பது என்ன என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்திருப்பார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் மோகனூரில் தங்கை வீட்டோடு இருக்கப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால், காவேரிப் படித்துறையில் நாலு பேர் முன்னிலையில், "சார் என்னைப் பத்திப் பொஸ்தகமே போடறேன்னிருக்காருங்க" என்று நன்றி சொல்லிவிடுவார். அப்புறம் நான் அச்சகத்துக்கு அலைய வேண்டும்.

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. 'செய்வீங்களா', 'முடியுமா' என்ற சொற்களே அவர் வாயில் வராது. நீங்கள் செய்ய ஒப்புக்கொண்டுவிட்டதாக நாலு பேர் நடுவில் அறிவிப்பார். மனம் நெகிழ்ந்து நன்றி சொல்வார். போய்விடுவார். அந்த நெகிழ்ச்சியில் நடிப்பு கொஞ்சமும் இருக்காது. தனியாக இருப்பவருக்கு நன்றி சொல்லவே மாட்டார். சாட்சி வேண்டும். சாட்சிகளில் ஒருவர் உங்களுக்குச் சம்பந்தி முறையாக இருந்தால் அவருக்கு இன்னும் நல்லது. சம்பந்தி காதில் விழுந்த பிறகு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று மறுக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

யாராவது இழுத்துப் பிடித்து, "அக்கா, நான் எப்பங்க சொன்னேன்?" என்றால், "சொல்லீட்டீங்கல்ல, அது போதுமுங்க" என்பார்.

அந்த ஷெட் அவர் பொறுப்பில் இருந்தது. எங்கள் நகரில் ஐந்தாறு தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். குழுவுக்குச் சொந்தமாகப் பெரிய அண்டாக்கள், கரண்டிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜமுக்காளங்கள், பந்தல் துணி, சாவு வீட்டில் உடலை வைக்கும் ஐஸ் பெட்டி ஒன்று, எல்லாம் உண்டு. காதுகுத்தானாலும் இழவானாலும் யார் வேண்டுமானாலும் வாடகையில்லாமல் எடுத்துப்போகலாம். சாவி அக்காவின் முந்தானை முடிச்சில் இருக்கும். வேண்டியவர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கிக்கொள்வார்கள்.

அவருடைய நன்றியிலிருந்து தப்பிக்க எங்கள் நகரில் பலவகை உத்திகள் இருந்தன. சிலர் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார்கள். ஒருவர் அவரைக் கண்டதும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு யாருமில்லாத இணைப்பில், "ஆமாங்க, ஆமாங்க" என்பார். வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும் முள்ளை முள்ளால் எடுக்கப் பார்த்தார். கோயில் வாசலில் கூட்டமாக நிற்கையில் அவரே முந்திக்கொண்டு, "நம்ம அக்கா நாளைக்கு எங்க ஊட்டுக்கு இட்லி சுட்டு எடுத்துட்டு வாரேன்னிருக்காங்க. ரொம்ப நன்றிங்கக்கா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வங்கிக்காரர் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. குழு அண்டாவில் ஓர் அண்டா இட்லி, ஒரு குண்டா சட்னி. அந்த வீட்டில் இருந்தது அவரும் மனைவியும்தான். அன்று அவர் மனைவி தெருத்தெருவாக இட்லி கொடுத்துக்கொண்டு போனார். கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தார். அதன் பிறகு வங்கிக்காரர் அக்காவோடு விளையாடவில்லை.

ஒருமுறை நான் நேராகவே கேட்டேன். "அக்கா, சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது பொய்தானே?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கணக்குப் புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பொய்யுங்களா? நாளைக்குச் செய்யப் போறதுக்கு இன்னைக்கே நன்றி சொல்றேன். அவ்வளவுதானுங்க. செஞ்சு முடிச்சப்பறம் நன்றி சொல்றதுல என்னங்க இருக்குது? அப்பத்தான் வேலை முடிஞ்சுருச்சே."

ஒரு வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் மழை என்பது பேசிக்கொள்ளும் விஷயமே தவிர, நனையும் விஷயம் அல்ல. அதனால் ஷெட்டைக் கட்டியவர்கள் தரையை உயர்த்தவும் இல்லை, ஏரிக்குப் போகும் வாய்க்கால் சுவருக்குப் பின்னால் ஓடுவதைப் பொருட்படுத்தவும் இல்லை. மழை விட்ட மறுநாள் கதவைத் திறந்தபோது உள்ளே முழங்கால் தண்ணீர். நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. மர அடுக்கு ஊறிச் சரிந்திருந்தது. அண்டாக்கள் பரிசல் மாதிரி மிதந்தன. ஒன்றில் ஒரு பூனை உட்கார்ந்து எங்களைக் குற்றம் சாட்டும் பார்வை பார்த்தது. உயரமான இரும்பு ஸ்டாண்டில் இருந்ததால் ஐஸ் பெட்டி மட்டும் தப்பியது. சுவரின் அடிப்பூச்சு கையால் தொட்டால் பிட்டுப் பிட்டாக வந்தது.

இடத்துக்காரர் அன்று மாலையே வந்தார். ஷெட் நின்ற மனை அவருடையது. அவருடைய அப்பா உயிரோடு இருந்தபோது, வாய்வார்த்தையாகக் குழுவுக்கு விட்டுக்கொடுத்தது. மகனான இவருக்கு ரிக் வண்டிகள் இரண்டு உண்டு. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட வடக்கு மாநிலங்களுக்குப் போய்வரும் வண்டிகள். ஊருக்கு வந்தால் நிறுத்த இடம் வேண்டும். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"அப்பா குடுத்தத நான் புடுங்கலீங்க. தை பொறக்கறதுக்குள்ள ஷெட்டச் சரி பண்ணீட்டீங்கன்னா இருந்துட்டுப் போகட்டும். இல்லீன்னா நான் எடத்த எடுத்துக்கறேன்."

இதைக் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை நான்கு விரல் மட்டும் இறக்கிச் சொன்னார். அக்கா இருக்கும் இடத்தில் அவர் இறங்க மாட்டார். அவர் ஊரில் பாதிப் பேருக்கு நன்றி சொல்லப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்.

கார் போன பிறகு அக்காவும் நானும் சேற்றில் கிடந்த கரண்டிகளைப் பொறுக்கினோம். நான் ஆறுதலாகவே சொன்னேன். "போனால் போகட்டும் அக்கா. பாத்திரமும் நாற்காலியும் இப்போது கடையில் வாடகைக்குக் கிடைக்கிறது. போன் பண்ணினால் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள்."

அவர் ஒரு கரண்டியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"ஆமாங்க. கொண்டாருவாங்க. அப்பறம் என்ற ஊட்டுக் கதவ எதுக்குங்க தட்டுவாங்க?"

அவர் கணவர் ரிக் வண்டி டிரைவராக இருந்தவர். வண்டி வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பாது. பிள்ளைகள் இல்லை. "ஒரு தடவ அவரு போயி வர்றதுக்குள்ள, என்ற கதவு தட்டற சத்தம் எப்படியிருக்கும்னே எனக்கு மறந்து போச்சுங்க" என்று சொல்லிச் சிரித்தார். கணவர் இறந்த பிறகுதான் குழுச் சாவியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாராம். அவர் வாழ்நாளில் வாயைத் திறந்து கேட்டு வாங்கியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் ஆள் குவிந்துவிட்டது. எல்லோரும் அதற்கு முன்தினம் மாரியம்மன் கோயிலில் அக்காவால் நன்றி சொல்லப்பட்டவர்கள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் நகரில் பாதிப்பேர் ரிக் தொழிலில் இருப்பவர்கள் அல்லது இருந்தவர்கள். பூமிக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடியே வாழ்க்கையைக் கழித்தவர்கள். தண்ணீரை எப்படி வெளியே அனுப்புவது என்று அவர்களிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

வாளியால் இறைத்தோம். இறைக்க இறைக்க மறுபடி ஊறியது. ரிக்கில் துளை போடும் டிரில்லராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மேலேருந்து வரலீங்க. கூரைச் சீட்டு காஞ்சு கெடக்குது. இது கீழேருந்து ஏறுது."

போர் போட இடம் பார்த்துச் சொல்லும் ஒருவரும் வந்திருந்தார். அவர் வீட்டுக்குப் போய் ஒரு தேங்காயோடு திரும்பினார். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து, கணுக்கால் தண்ணீரில் மெல்ல நடந்தார். வேலை நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேங்காயைப் பார்த்தோம். மேற்கு மூலையில் தேங்காய் தானாகச் செங்குத்தாக எழுந்து நின்றது.

"இங்கதானுங்க. நல்ல ஊத்து."

"ஏனுங்க," என்றார் வங்கிக்காரர், "கணுக்கால் தண்ணில நின்னுக்கிட்டு, தண்ணி இருக்குதுன்னு சொல்றதுக்குத் தேங்காய் வேணுமா?"

"உங்களுக்கு வட்டி தெரியும். எனக்கு ஊத்து தெரியும். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்பமுங்க."

ஊற்று எது என்று தெரிந்தால் அடைத்துவிடலாம் என்று டிரில்லர் சொன்னார். சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது. கடப்பாரையால் மேற்கு மூலைத் தரையைப் பெயர்த்தார்கள். குழி முழங்கால் ஆழம் போனதும், அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் கொப்புளித்துக்கொண்டு மேலே வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. டிரில்லர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "உப்பே இல்லீங்க" என்றார். யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினோம். நானும் தட்டினேன். தேங்காய்க்காரர் தேங்காயைக் குழி விளிம்பில் உடைத்தார். எங்கிருந்தோ சூடம் வந்தது, மஞ்சள் வந்தது. ஆயிரம் அடி போயும் புகை மட்டும் வந்த குழிகளைப் பார்த்தவர்கள், முழங்கால் ஆழத்தில் தண்ணீரைப் பார்த்தால் வேறென்ன செய்வார்கள்? ஒருவர் படம் எடுத்து நகர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒருவர் மனைவியைப் போனில் கூப்பிட்டு, "தண்ணி வந்துருச்சு" என்றார், குரல் தழுதழுக்க.

வங்கிக்காரர்தான் மெல்லக் கேட்டார். "இப்ப ஷெட்டுல தண்ணி முன்னைக்கு எச்சா இருக்குதுங்களா, கம்மியா இருக்குதுங்களா?"

சூடம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். திட்டவில்லை. என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "அந்தப் படத்த இடத்துக்காரரும் பார்ப்பாருங்கல்ல?" என்றார்.

பார்த்தார். முழங்கால் ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறும் மனை என்றால் எங்கள் பக்கத்தில் அது வண்டி நிறுத்தும் இடம் அல்ல, பணம் காய்க்கும் இடம். தை வரை பொறுப்பதாகச் சொன்ன இடத்துக்காரர் பேச்சை மாற்றினார். எப்படி மாற்றினார் என்பதுதான் விஷயம்.

கார்த்திகை மாதத்தில் பிள்ளையார் கோயிலில் அன்னதானம். நகரே பந்தியில் உட்கார்ந்திருந்தது. அக்கா ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார். இடத்துக்காரர் காரை விட்டு இறங்கினார். அவர் இறங்கியதைப் பார்த்ததுமே பலர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். பந்தி நடுவில் வந்து, கைகூப்பி நின்றார்.

"ஒரு நிமிசமுங்க. நம்ம அக்கா ஷெட்டுச் சாவிய எங்கிட்டயே குடுத்தர்றேன்னு சொல்லீட்டாங்க. இத்தன வருசம் பாத்துக்கிட்டாங்க, இனி நீயே பாத்துக்க சாமின்னு பெரிய மனசு பண்ணியிருக்காங்க. உங்க எல்லாத்துக்கும் முன்னாடி அவங்களுக்கு நன்றி சொல்லிக்கறேன்."

அக்கா அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை என்பது பந்தியில் எல்லோருக்கும் தெரியும். யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கரண்டியிலிருந்து ரசம் இலைக்கு வெளியே சொட்டிக்கொண்டிருந்தது. நாங்களெல்லாம் பால் சொசைட்டி வாசலில் நின்ற முகத்தோடு அக்கா நின்றார்.

பிறகு வாளியைக் கீழே வைத்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஈரக்கையால் அவிழ்க்க நேரமானது. சாவியை இடத்துக்காரர் கையில் வைத்தார்.

"சொல்லீட்டீங்கல்ல," என்றார். "அது போதுமுங்க."

மூன்றாம் நாள் அவர் வீட்டுப் பக்கம் போனேன். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஒற்றை அறை வீடு. கதவுக்கு நேராக உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா கொடுத்தீர்கள்? முடியாது என்று சொல்லியிருந்தால் நாங்கள் எல்லோரும் உங்கள் பக்கம்தானே?"

"நாலு பேரு முன்னாடி நன்றி சொன்னா செஞ்சுதானுங்க ஆகோணும். நானே செய்யலீன்னா, நாளைக்கு எந்த மொகத்த வெச்சுக்கிட்டு இன்னொருத்தருக்கு நன்றி சொல்றது?"

"கதவைச் சாத்தி வைக்கலாமே, பனி அடிக்கிறது."

"சாத்துனா யாரும் தட்டலீன்னு தெரியுமுங்க. தொறந்து கெடந்தா தெரியாது."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அவரைக்காய் உரித்தோம். கொஞ்சநேரம் கழித்து, சந்தேகம் கேட்பவர்போல் அவர் சொன்னார்.

"சாவி அவருகிட்டப் போயிருச்சுங்க. காய வெக்கறதுக்குன்னு சாமானெல்லாம் ஆளுக்கு ஒண்ணா அவங்கவங்க ஊட்டுல கெடக்குது. ஏனுங்க சார், சாவி இருக்கற எடத்துலதான சாமானும் இருக்கோணும்?"

எனக்கு எதிலும் முறை முக்கியம். "முறைப்படி பார்த்தால் அப்படித்தான்" என்றேன்.

மறுநாள் காலை பால் சொசைட்டி வாசலில் அவர் குரல் கேட்டது. "சார் சொல்லீட்டாருங்க. சாமானெல்லாம் இடத்துக்காரரு ஊட்டுக்குத்தான் போகோணுமாமா. ஷெட்டு ஆகற வரைக்கும் அவரு ஊட்டுலயே பத்தரமா வெச்சுக்கறேன்னிருக்காரு. யாருங்க செய்வாங்க இந்தக் காலத்துல? எல்லாரும் போறப்ப அவங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை நன்றி சொல்லீட்டு வந்துருங்க."

அன்று பொழுது சாய்வதற்குள் இடத்துக்காரர் வீட்டுப் போர்ட்டிகோவில் அண்டாக்கள் அடுக்கப்பட்டன. மாடிப்படியெல்லாம் நாற்காலி. மதிலில் ஜமுக்காளம். கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவரும் அவருடைய தாயாரைக் கும்பிட்டு நன்றி சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு மகனைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தைகளை ஒரே நாளில் கேட்டுப் பழக்கமில்லை. "எம்பையனா சொன்னான்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஒவ்வொருவருக்கும் காப்பி கொடுத்தார். கடைசியாக, நான்கு பேர் தூக்கிக்கொண்டு, ஐஸ் பெட்டி வந்தது. அதை வாசற்படிக்கு நேராக வைத்ததும் அந்த அம்மாவின் முகம் மாறிற்று.

"இத எங்க ஊட்டு வாசல்லயா வெப்பீங்க?"

"உங்க பையன் சொல்லீட்டாருங்கம்மா," என்றார் டிரில்லர்.

அதன்பின் தட்டத் தொடங்கினார்கள். முதல் ஆள் விடியுமுன் வந்தார், அடுத்த தெருவில் ஒரு சாவு, ஐஸ் பெட்டி வேண்டும். அது திரும்பி வரும்போது மாலைப் பூக்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. பிறகு ஒரு காதுகுத்து. பிறகு, கரண்டி ஒன்று குறைகிறது என்று ஒருவர். இடத்துக்காரர் வண்டியோடு வடக்கே கிளம்ப வேண்டிய நாள் தள்ளிப்போனது. தாயாரிடம், "எல்லாத்தையும் திருப்பி அனுப்பீரலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

"அத்தன பேருகிட்டயும் நன்றி வாங்கீட்டு இப்ப இல்லீன்னு சொல்ல எனக்கு வாய் வராது," என்றாராம் தாயார். "போயி அந்த ஷெட்டக் கட்டு. உங்கப்பன் குடுத்த எடந்தான?"

இப்படியாக, ஷெட்டைப் பிடுங்க வந்தவரே ஆட்களையும் மண் அள்ளும் இயந்திரத்தையும் கொண்டுவந்து நிறுத்தினார். நாங்களும் மண்வெட்டியோடு சேர்ந்துகொண்டோம். இயந்திரம் பின்சுவரை ஒட்டிய வாய்க்காலை முதலில் தோண்டியது. வாய்க்கால் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கல்லாக இறுகிய சேறு. ரிக் வண்டிகளைக் கழுவும்போது போகும் பாறைத்தூள். அங்கே வண்டி கழுவாதவர் எங்கள் நகரில் ரிக் தொழிலில் யாரும் இல்லை. வாய்க்கால் அடைபட்டு, தண்ணீர் சுவர் வழியாக ஷெட்டுக்குள் வந்திருக்கிறது. எல்லோரும் கொஞ்சநேரம் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாய்க்கால் திறந்ததும், உள்ளே சூடம் காட்டிய குழி ஒட்ட வற்றிப்போனது. அதைப் பார்த்து இடத்துக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். தேங்காய்க்காரர் மட்டும் அசரவில்லை.

"ஊத்து எடம் மாறீருச்சுங்க," என்றார்.

குழியை மூடி, கிராவல் கொட்டித் தரையை உயர்த்தி, அடிச்சுவருக்குப் புதிதாகப் பூச்சுப் பூசினோம். சரிந்த மர அடுக்குக்குப் பதில் போர்க்குழிக்குள் இறக்கும் பழைய கேசிங் குழாய்களை வெட்டி இரும்பு அடுக்கு வைத்தார்கள். மார்கழி முடியுமுன் சாமான்கள் திரும்பின. ஐஸ் பெட்டியைத்தான் முதலில் அனுப்பினார்கள்.

இதையெல்லாம் அக்கா முன்பே கணக்குப் போட்டுத்தான் செய்தாரா, அல்லது வழி தெரியாமல் தன் பழக்கத்தைத் தொடர்ந்தாரா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. அவரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பிரியமும் கொஞ்சம் பயமும் சேர்ந்தே வருகின்றன.

புதிய அடுக்கில் எது எங்கே என்று பட்டியலைத் திருத்தி எழுதியிருந்தேன். அதைக் காட்டுவதற்காக மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். கதவு அப்போதும் திறந்தே கிடந்தது. அவர் பட்டியலை வாங்கிக் கொஞ்சநேரம் பார்த்தார். அப்புறம் அவர் பார்வை என் தோளைத் தாண்டித் தெருவுக்குப் போனது. தெருமுனையில் இடத்துக்காரர் வந்துகொண்டிருந்தார். கார் இல்லை, நடந்து வந்தார். கையில் சாவி.

"சார், சித்த உள்ள தள்ளி உக்காருங்க," என்றார் அக்கா.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். கதவை ஒட்டிச் சுவரில் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

செருப்புச் சத்தம் வாசலில் நின்றது. கதவு தட்டப்பட்டது. நான் எழப்போனேன். இருங்க என்று கையைக் காட்டினார்.

மறுபடி தட்டப்பட்டது. "அக்கா, நாந்தானுங்க. சாவி கொண்டாந்திருக்கேன். நீங்களே வெச்சுக்கோணும்னு கேக்கறதுக்குத்தான் வந்தேன்."

அவர் என் பக்கம் சாய்ந்து, குரலே எழாமல் சொன்னார்.

"இன்னும் ஒருக்காத் தட்டட்டுமுங்க."

மூன்றாவது தட்டலும் வந்தது. அது முழுதாக ஓயும் வரை காத்திருந்தார். பிறகு, தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல் குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்.

"யாருங்க அது?"